இடாப்பில் பத்தாவது பெயர்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. அடுப்பில் பால் கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருக்கவில்லை. அன்றிலிருந்து இந்த மேசையில் இருந்து எழுதுகிறேன். எழுதி, சரி பார்த்து, கிழித்து, மறுபடி எழுதுகிறேன். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞனாக இருந்தவன். இங்கே இத்தாலிக்கு வந்து இருபத்தைந்து வருடம் லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோராவின், எசமானியம்மாவின், வீட்டில் சட்டைகளுக்கு அயன் பிடித்து, வெள்ளிக் கரண்டிகளைத் துடைத்து எண்ணி வைத்தவன். ஒரு வேலையைத் தந்தால் பிழையில்லாமல் செய்வேன் என்பதைத் தவிர என்னிடம் வேறு பெருமை இல்லை. அந்தப் பெருமைதான் நான் சொல்லப்போகும் தவறுக்கும் காரணம். நாளை வியாழக்கிழமை. இதை இன்றிரவே கொடுத்தனுப்புகிறேன்; சங்கத்தின் ஆட்கணக்குப் படிவத்தில் நீ கையெழுத்து வைப்பதற்கு முன் வாசித்து முடித்திருக்க வேண்டும்.

இது உனக்கு எழுதுவதுதான். ஆனால் உனக்கு மட்டும் என்று நினைக்காதே. சங்கத்தின் ஆண்டு மலரில் போட வேண்டுமென்று உனக்குத் தோன்றினால் போடு. நான் தடுக்க மாட்டேன். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் தெரியாதவர்களுக்காக ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள்.

உன் அம்மா படித்த பெண்கள் பாடசாலைக்குப் பழைய மாணவிகள் சங்கம் உண்டு. தாய்ச்சங்கம் யாழ்ப்பாணத்தில். உலகத்தில் எங்கெங்கே எங்கள் பெண்கள் போய்ச் சேர்ந்தார்களோ அங்கெல்லாம் கிளைகள். பலெர்மோக் கிளையை அம்மா அல்பெர்கேரியாப் பகுதியில் நாங்கள் இருந்த இந்த வீட்டின் முன்னறையில் தொடக்கினாள். வீட்டு வேலை செய்பவர்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் ஓய்வு. அதனால் கூட்டம் மாதத்தில் முதல் வியாழன், நாலு மணிக்கு. பள்ளிக்கூடத்தில் போலவே வரவுப் பதிவேட்டை விரித்து இடாப்புக் கூப்பிடுவாள். அறுபது வயதுப் பெண்கள் கதிரையில் நிமிர்ந்து இருந்து, தங்கள் பெயர் வந்ததும் "உள்ளேன்" என்பார்கள். நான் மூலையில் இருந்து கூட்டக் குறிப்பு எழுதுவேன். ஆண்களுக்கு அங்கே இடமில்லை. ஆனால் என்னை ஒருவரும் ஆணாகக் கணக்கெடுக்கவில்லை. பேனாவாகத்தான் எடுத்தார்கள்.

ஒரு கிளைக்குப் பத்து உறுப்பினர் வேண்டும். குறைந்தால் தாய்ச்சங்கம் கிளையை மூடிவிடும். அம்மா காலமான பின் ஒருவர் லண்டனுக்குப் போனார். இன்னொருவர் ஊரோடு போய்விட்டார். இப்போது உறுப்பினரின் மகளும் சேரலாம் என்று விதியை மாற்றியிருக்கிறார்கள். செயலாளர் பொறுப்பை நீ எடுத்தாய். பழையவர்கள் ஆறு பேரைத் தேடிப் பிடித்தாய். நீயும் இன்னும் இரண்டு மகள்மாரும் சேர்ந்து ஒன்பது. நாளை உன் வீட்டில் நடக்கும் கூட்டத்தை யாழ்ப்பாணத்திலிருந்து வீடியோவில் பார்த்து ஆட்களை எண்ணுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய்.

"அப்பா, பத்தும் சரி! பழைய இடாப்பிலை பத்தாவது பேர் இருக்கெல்லே, தவமணி செல்லையா எண்டு? அவாவோடை கதைச்சிட்டன். வியாழக்கிழமை வாறாவாம்."

"ஆர்?"

"தவமணி அன்ரி, அப்பா. கால்சாப் பக்கம் இருக்கிறவா. உங்களை நல்லாத் தெரியுமாம். சுகம் கேட்டவா."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஒண்டு சொல்லச் சொன்னவா. வடையிலை பாதியெண்டாலும் தனக்கு விட்டிருக்கலாமாம். சொல்லிப்போட்டு ஒரே சிரிப்பு. என்ன வடை அப்பா?"

அப்போதுதான் என் அடுப்பில் பால் கொதித்தது.

மகள், தவமணி செல்லையா என்று ஒருவரும் இல்லை. அந்தப் பெயரை நான் உண்டாக்கி எழுதினேன்.

அப்போது நீ பொலோனியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாய். கிளையில் ஒன்பது பேர். பத்தாவது ஆளுக்கு ஒரு மாதத் தவணை தந்திருந்தார்கள். அம்மா பல்லரோச் சந்தையில் மரக்கறிக் கடைக்குக் கடை நின்று, தமிழ் முகம் கண்டால் மறித்தாள். "பிள்ளை, நீர் எந்தப் பள்ளிக்கூடம்?" ஒருத்தி, "அன்ரி, முதல் இந்த வெண்டிக்காயை நிறுக்க விடுங்கோ. பள்ளிக்கூடம் ஓடாது" என்றாள். இன்னொருத்தி, "இத்தாலிக்காரன் வதிவிடப் பெர்மெஸ்ஸோ கேக்கிறான், நீங்கள் பள்ளிக்கூடம் கேக்கிறியள், சீவிக்க விடுங்கோ" என்றாள். அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடிந்ததும் நாட்காட்டியைப் பார்ப்பாள்.

கடைசியில் ஒருத்தியைக் கூட்டி வந்தாள். வன்னியிலிருந்து போர் முடிந்த பின் வந்தவள். முப்பது வயது இருக்கும், மெலிந்த உருவம், பெரிய ஆளுடைய குளிர்ச்சட்டையைப் போட்டிருந்தாள். மகேஸ் அன்ரிதான் அப்போது தலைவி. எந்த வருடம் படித்தாய் என்று கேட்டார். அவள் சொன்னதை நான் மறக்கவில்லை.

"ஒரு வருசம் உங்கடை பள்ளிக்கூடந்தான் அக்கா. இடம்பெயர்ந்து வந்து தகரக் கொட்டிலுக்கை நடத்தினவை. பேர் கூப்பிடத் தொடங்கினால் செல்லடி வரும். என்ரை பேர் வாறதுக்கு முன்னம் எல்லாரும் பங்கருக்கை. ஒருநாளும் என்ரை பேர் வரைக்கும் வந்ததில்லை."

"சேர்ட்டிபிக்கற் இருக்கோ?"

"இடாப்பே துலைஞ்சு போச்சு அக்கா."

அவளைப் படியில் நிற்கச் சொல்லிவிட்டுக் கதைத்தார்கள். அம்மா அவளுக்காக வாதாடினாள். "கொட்டில் நடந்தது உண்மைதானே? அந்த வருசத்துப் பிள்ளையளுக்கு ஆர் சேர்ட்டிபிக்கற் குடுத்தது?" என்றாள். மகேஸ் அன்ரி, "அப்பிடிப் பாத்தால் வன்னியிலை இருந்த எல்லாரும் எங்கடை பள்ளிக்கூடந்தான்" என்று சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். அதோடு முடிந்தது. அம்மா கதவைத் திறந்து சொல்லப் போனபோது படியில் ஒருவரும் இல்லை. கதவு இடைவெளியால் எல்லாம் கேட்டிருக்கும். நான் மூலையில் பேனாவோடு இருந்தேன். அவள் வந்தபோதே தன் பெயரைச் சொல்லியிருந்தாள். மறுக்கப்பட்டவர்களின் பெயரைக் குறிப்பில் எழுதும் வழக்கம் இல்லாதபடியால் நான் எழுதவில்லை. இன்றுவரை அவளுடைய பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை. எத்தனையோ முறை முயன்றுவிட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் அம்மா இல்லாத நேரம் பார்த்து நான் ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்து நிரப்பினேன். கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நினைக்காதே. நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. உன் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் உண்மை. யாருக்கும் சந்தேகம் வராத பெயராக, வீதிக்கு ஒருவர் இருக்கும் பெயராக யோசித்தேன். வருடத்துக்கு அந்தத் தகரக் கொட்டில் வருடத்தையே போட்டேன், ஒருவராலும் சரி பார்க்க முடியாது என்று. சான்றிதழ் என்ற இடத்தில் "இடப்பெயர்வில் தொலைந்தது" என்று எழுதினேன். விலாசத்துக்குக் கால்சாவில், கடலைப் பார்த்த ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியைத் தேர்ந்தேன். அதன் யன்னல்கள் திறந்திருந்து நான் கண்டதில்லை. வீட்டோடு தங்கி ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள், போன் இல்லை என்று காட்டினேன். கையெழுத்தை இடக் கையால் வைத்து, கிளைக்குக் காட்டாமல் மின்னஞ்சலில் தாய்ச்சங்கத்துக்கே அனுப்பினேன். நாலு நாளில் தாய்ச்சங்கத்திலிருந்து பதில் வந்தது: ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தப் பெண் வாயால் சொன்ன அதே கதைதான். அவளிடம் கடதாசி இல்லை. ஆனால் அவள் எங்கள் வாசலில் நின்றாள். என் கடதாசி ஒழுங்காக இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. கச்சேரியில் வரிசையைப் பார்த்து, இங்கே விசாவுக்குக் கெஸ்துராப் பொலிஸ் கந்தோரில் வரிசையில் நின்ற எனக்கு அது அன்றே விளங்கியிருக்க வேண்டும். படிவம் திரும்பி வராமல் ஏற்கப்பட்டது என்ற திருப்தியில் இருந்தேன்.

அம்மாவிடம், பஸ்ஸில் சந்தித்தேன், உயரமான பெண், பயந்த சுபாவம், சிஞ்ஞோரா வியாழக்கிழமையும் வெளியே விட மாட்டாளாம் என்று சொன்னேன். அம்மா படிவத்தை நெடுநேரம் பார்த்தாள். "எழுத்து வடிவாயிருக்கு" என்றாள். பிறகு, "பாவம், அடைபட்டுக் கிடக்குது. ஏதாவது செய்து தாறன், கொண்டுபோய்க் குடுங்கோ" என்றாள்.

இப்படித்தான் வடை தொடங்கியது. திங்கட்கிழமைகளில் அம்மா உளுந்து வடை சுட்டு, அந்த மூன்று எவர்சில்வர் டப்பாக்களில் ஒன்றில் ஐந்தை அடுக்கித் தருவாள். அடியில் தன் பெயரின் முதலெழுத்தை ஆணியால் குத்தி வைத்திருப்பாளே, அந்த டப்பாக்கள். நான் கால்சாவுக்கு நடப்பேன். கடற்கரைப் புல்வெளியில் ஒரு மர வாங்கில் இருந்து ஐந்தையும் தின்பேன். உணவை எறியக் கூடாது என்பது ஒன்று. வடை நன்றாக இருக்கும் என்பது மற்றது. கைகளைத் துடைத்து, டப்பாவைக் குழாயில் கழுவி, வெறும் டப்பாவோடு திரும்புவேன். அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அலுமாரியில் வைப்பாள். எங்களில் ஒருவரும் அயலவரின் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். எல்லாவற்றையும் யோசித்த நான் அதை யோசிக்கவில்லை. "எங்கடை ஆள்தானே, சீனி போடத் தெரியாதோ?" என்று ஒரே ஒரு நாள் கேட்டாள். அடுத்த கிழமை நானே சீனி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "கடைச் சீனி" என்றாள். எல்லாச் சீனியும் கடைச் சீனிதானே என்று நான் சொல்லவில்லை.

ஒருநாள் அம்மா வேலையால் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இஞ்சருங்கோ, இண்டைக்குத் தவமணியைக் கண்டன்."

"எங்கை?"

"கால்சாவிலை. ஏன் உப்பிடி வெளிறுறியள்? நீங்கள் உயரமெண்டு சொன்னியள், அவள் கட்டை. நீங்கள் எழுதின உறுப்பினர் அட்டையைக் கையிலை குடுத்திட்டன். உங்களைச் சுகம் கேட்டவள்."

அவள் என்னைச் சீண்டுகிறாளா, சோதிக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். அன்றே சொல்லியிருக்கலாம், மகள். "நீ ஆரைக் கண்டாய்?" என்ற ஒரு கேள்வி போதும். கேட்டால் நான் செய்தது வெளியே வரும் என்று பயந்து, "நல்லது" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய்களெல்லாம் இப்படிச் சின்னச் சொற்கள்தான்.

அதற்குப் பின் வந்த ஒரு வியாழக்கிழமை. சிரோக்கோ என்ற வெப்பக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. வானம் மஞ்சளாகி, ஆபிரிக்காவின் செம்மண் தூசு யன்னல் விளிம்பெல்லாம் படிந்திருந்தது. யன்னல் பலகைகளைச் சாத்தி விளக்கைப் போட்டிருந்தோம். படிக்கட்டு யன்னலின் கண்ணாடி உடைந்து தூசு படியிலும் விழுந்துகொண்டிருந்தது; புழுக்கத்துக்குக் கதவை மட்டும் ஒரு சாண் திறந்து வைத்திருந்தோம். அம்மா இடாப்புக் கூப்பிட்டாள். ஒன்பதாவது பெயர் முடிந்தது. "தவமணி செல்லையா" என்றாள். அந்தப் பெயருக்கு ஒவ்வொரு மாதமும் நான் "அனுமதியோடு வரவில்லை" என்று எழுதுவது வழக்கம், பேனாவை வைத்தும்விட்டேன்.

"உள்ளேன்."

கதவுக்கு வெளியே இருந்து. மெல்லிய குரல், ஓடி வந்து மூச்சு வாங்கும் பள்ளிப் பிள்ளையின் குரல். அம்மா தலையை நிமிர்த்தாமல் சரி போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மகேஸ் அன்ரி விசிறிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். படியில் ஒருவரும் இல்லை. கீழே இறங்கிப் பார்த்தேன்; எதையும் சரி பார்க்காமல் விட முடியாத என் குணம் உனக்குத் தெரியும். எல்லாப் படியிலும் தூசு ஒரே சீராக, மாவு தூவியது போல் கிடந்தது. வந்தவர்கள் எல்லாரும் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். அவர்களுடைய தடங்கள் மேல் புதிதாகத் தூசு மூடியிருந்தது. நான் திரும்பி ஏறும்போது அதில் இருந்தவை என் செருப்புத் தடங்கள் மட்டும், இறங்கினவையும் ஏறினவையும். முற்றத்தில் யாரோ இத்தாலிக்காரி எதையோ சொன்னது எனக்கு அப்படிக் கேட்டிருக்கலாம். வயது போனவனின் காதை நான் நம்புவதில்லை. ஆனால் அம்மா சரி போட்டிருந்தாள். இடாப்பில் அந்தக் குறி இன்னும் இருக்கிறது, நீ பார்க்கலாம்.

அந்த வன்னிப் பெண்ணைப் பற்றிச் சந்தையில் கேள்விப்பட்டதையும் எழுதிவிட வேண்டும். அவள் பிரான்சுக்குப் போக வெளிக்கிட்டதாகவும், போய்ச் சேரவில்லை என்றும் ஒருவர் சொன்னார். இல்லை, இங்கேதான் எங்கோ வீட்டோடு வேலை செய்கிறாள் என்றார் இன்னொருவர். எது உண்மை என்று விசாரிக்க ஒரு மணி நேரம் போதும். நான் விசாரிக்கவில்லை.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்திய திங்கட்கிழமை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று வடை சுட்டாள். வேண்டாம் என்றேன். "அவள் பாத்துக்கொண்டிருப்பாள்" என்றாள். அன்று வாங்கில் இருந்து டப்பாவைத் திறந்தேன். ஐந்து வடையும் கருகியிருந்தன. ஒருநாளும் அவள் கைக்கு அப்படி நடந்ததில்லை. என்னால் வாயில் வைக்க முடியவில்லை. மூடியைப் போட்டு வாங்கிலேயே வைத்துவிட்டு நடந்தேன். பாதி வழியில் நினைவு வந்து திரும்பினேன். டப்பா இல்லை. அம்மாவின் சாமான்களை ஒழுங்குபடுத்தும்போது நீ கேட்டாய்: "மூண்டு டப்பாவிலை ஒண்டைக் காணேல்லை அப்பா, அம்மாவின்ரை எழுத்துப் போட்டது." நான் தொலைந்துவிட்டது என்றேன். அது எங்கே, எப்படித் தொலைந்தது என்று இப்போதுதான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்த பின், நீ படமெடுத்துப்போன பழைய இடாப்பை இறக்கினேன். தவமணிக்குப் போன் இல்லை என்று நானே அல்லவா எழுதினேன், பிறகு எந்த இலக்கத்துக்கு நீ எடுத்தாய்? இடாப்பில் நான் வெறுமையாக விட்ட கட்டத்தில் பென்சிலால் ஒரு இலக்கம் இருந்தது. அம்மாவின் எழுத்து. ஏழுக்கு நடுவில் கோடு போடுவாளே, அதேதான்.

இரண்டு இரவும் பகலும் யோசித்து இரண்டு விளக்கங்கள் கண்டேன். ஒன்று: அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. என் பின்னால் கால்சாவரை வந்து, நான் வாங்கில் இருந்து தின்பதைப் பார்த்திருக்கிறாள். கோபப்படாமல் போய், படியில் நிற்க வைத்த அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து, நான் எழுதிய வெறும் பெயரை அவளுக்குக் கொடுத்திருக்கிறாள். மற்றது: இடாப்புத் தொலைந்த அந்த வருடத்தில், அந்தக் கொட்டிலில், தவமணி செல்லையா என்று உண்மையாகவே ஒரு பிள்ளை இருந்து, தன் பெயர் கூப்பிடப்படும் நாளைப் பார்த்து இருந்திருக்கிறது. எங்கோ ஒரு கடதாசியில் அந்தப் பெயர் வந்ததும் எழுந்து வந்துவிட்டது. இரண்டாவதை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால், முதலாவதுக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன். அத்தனை வருடம் எல்லாம் தெரிந்துகொண்டு ஒருத்தி எனக்கு வடை சுட்டுத் தந்தாள் என்றால், நான் யாரோடு வாழ்ந்தேன் என்றே எனக்குத் தெரியாது.

இன்று காலை உளுந்து அரைத்து வடை சுட்டேன். வட்டம் சரியாக வரவில்லை. ஐந்தை வேறொரு டப்பாவில் அடுக்கி, மத்தியானம் கால்சாவுக்குப் போனேன். மறுபடி சிரோக்கோ, வீதியில் ஆள் இல்லை. நான் எழுதிய அந்தக் கட்டடத்தின் சுவரில் வெயிலில் வெளிறிய மரண அறிவித்தல் ஒன்று, ஒரு சிஞ்ஞோராவினுடையது. அழைப்பு மணிகளின் வரிசையில் இத்தாலியப் பெயர்களுக்குக் கீழே ஒரு கடதாசித் துண்டு. அட்டையிலிருந்து வெட்டி ஒட்டியது. தமிழில், தவமணி. என் எழுத்து. நான் எழுதிய உறுப்பினர் அட்டை.

கீழ்வீட்டு வாசலில் அவரைக்காய் உடைத்துக்கொண்டிருந்த ஒரு சிசிலிக் கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்றாம் மாடியா என்று கேட்டாள். மேலே இருந்த சிஞ்ஞோரா இறந்து இரண்டு வருடமாம். பார்த்துக்கொண்ட பெண் மட்டும் போகவில்லையாம். அவளைப் படியில் கண்டவர் இல்லை, சாமான் வாங்க யன்னலால் கூடைதான் இறங்கும், கூடைதான் ஏறும் என்றாள்.

நான் மணியை அழுத்தினேன். ஐம்பது வருடமாக அழுத்தாமல் விட்ட எல்லா மணிகளையும் சேர்த்து அழுத்தியது போல் இருந்தது.

"ஆர்?"

மேலே யன்னல் பலகைக்குப் பின்னாலிருந்து. அதே குரல், ஓடி வந்து மூச்சு வாங்கும் குரல்.

"சங்கத்திலையிருந்து வாறன்," என்றேன்.

பலகை ஒரு சாண் திறந்தது. கயிற்றில் கட்டிய கூடை ஒன்று மெல்ல இறங்கியது. இந்த ஊரில் கிழவிகள் பாண் வாங்க இறக்குவார்களே, அதுபோல. உள்ளே ஒரு டப்பா இருந்தது. அதை எடுத்துவிட்டு என் டப்பாவை வைத்தேன். கூடை ஏறியது. அண்ணாந்து பார்த்தேன். தூசும் வெயிலும் கண்ணைக் குத்தின. கயிற்றை இழுக்கும் விரல் நுனிகளும், அவற்றை மூடும் அளவு நீண்ட ஒரு குளிர்ச்சட்டையின் கையும் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்த வெக்கையில் குளிர்ச்சட்டை.

"பிள்ளை," என்று கூப்பிட்டேன். "நான் அண்டைக்கு எழுதாமல் விட்டிட்டன். உம்மடை பேர் என்ன?"

கூடை நின்றது.

"நீங்கள் எழுதின பேர்தான் அண்ணை," என்றது குரல். பிறகு, சிரிக்காமல்: "அந்தப் பேர் வரைக்குந்தான் ஆராவது கூப்பிட்டவை."

பலகை மூடிக்கொண்டது. நான் வீட்டுக்கு வந்து டப்பாவை மேசையில் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் அம்மாவின் எழுத்து, ஆணிக் குத்து ஒன்றும் தேயாமல். நிமிர்த்தி மூடியைத் திறந்தேன். முக்கால் டப்பாவுக்குச் சீனி. மணி மணியாக, ஓர் எறும்பு கூட ஏறாமல்.

மகள், பொய்ப் பெயருக்கு நீ கையெழுத்து வைக்கக் கூடாது என்று சொல்லத்தான் இதைத் தொடங்கினேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனபடியால் இப்படிச் செய். நாளை பத்துக் கதிரை போடு. ஒன்பது பெயரையும் கூப்பிட்டபின் பத்தாவதைக் கூப்பிட்டு, அவசரப்படாமல் பொறு. மறுமொழி வராவிட்டால் இந்தக் கடிதத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. வெட்கப்பட வேண்டியவன் நான். கிளை மூடப்பட்டாலும் அம்மாவின் பெயருக்கு ஒரு குறையும் வராது. மறுமொழி வந்தால் குனிந்துகொண்டு சரி போடாதே. எழுந்து போய்க் கதவை முழுதாகத் திறக்க வேண்டும். யாராக இருந்தாலும் படியில் நிற்க விடாதே, கடதாசி கேட்காதே. உள்ளே இருத்தித் தண்ணீர் கொடுத்து, தன் வாயால் தன் பெயரைச் சொல்லச் சொல். என்ன பெயர் சொல்கிறாளோ, அதை இடாப்பில் எழுது. அதற்குப் பிறகு கையெழுத்து வை. இனி நீ எத்தனை பேரைச் சேர்த்தாலும் இந்த ஒழுங்கை மாற்றாதே. ஒருவருடைய பெயரை எழுதினால் அவரைக் கூப்பிட்டது போலத்தான். கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தி வைக்கக் கூடாது.

டப்பாவை நாளை கொண்டு வருகிறேன். உன்னிடம் இருக்கிற மற்ற இரண்டோடு வை. சீனியை எடுத்துத் தேத்தண்ணீர் போடு. பத்துப் பேருக்குக் காணும், நான் பார்த்துவிட்டேன். நான் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். திறக்க வேண்டியவன் நான்தான். என்னால் முடியாமல் போனால், நீ வந்து திற.

அப்பா